ப்ரிவ்யூவில் தெரிந்த கை

"ஓட்டுல, பாப்போம்" என்றான் டென்சில். ஏணியின் மேல்படியில் நின்றபடி இடுப்புவரை மட்டும் போட்மாலாவுக்குள் வந்திருந்தான்.

தாராவி வீட்டில் தலைக்கு மேலே பலகை அடித்து எடுத்த அந்தப் பாதி மாடிக்கு போட்மாலா என்று பெயர். நிமிர்ந்து நின்றால் தகரம் இடிக்கும். அங்கே ஒரு கம்ப்யூட்டரையும் இரண்டு ஸ்பீக்கரையும் வைத்து, ஜெப்ரி ஒன்பது வருஷமாக ஊரார் கல்யாணங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு அவன் கையில் இருந்தது சொந்த அப்பாவின் படம். கீழே கூடத்தில் தனசீலன் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார். நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. இன்றைக்கு மூன்று மணிக்குக் கோயில் ஹாலில் பெட்டியை வைத்து, நாலு மணிக்குப் பூசை, அப்புறம் சிவ்ரி கல்லறை.

ஜெப்ரி படத்தை ஓட்டினான். திரையில் ஒரு கலங்கலான மனிதர் கலங்கலான மாலையோடு நடந்து வந்தார்.

"என்னல இது, அப்பா மூஞ்சியே வெளங்கல?"

"இது ப்ரிவ்யூண்ணே. சிஸ்டம் பழசுல்லா, ஹேங் ஆவும்னு கால்வாசி குவாலிட்டில வச்சிருக்கேன். ஃபைனல்ல பக்காவா வரும்."

வருகிற கஸ்டமர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாயில் தழும்பேறிப்போன வசனம் அது. ப்ரிவ்யூ என்பது வேலை செய்கிறவன் எட்டிப்பார்க்கிற ஒரு சன்னல். அதை மங்கலாக வைத்துக்கொள்ளலாம், பெரிதாக்கலாம், சின்னதாக்கலாம். வெளியே போகிற படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் நம்ப மாட்டார்கள். கண்ணுக்கு முன்னால் மங்கலாக ஓடினால் அவர்களுக்குப் படமே மங்கல்தான்.

டென்சில் நம்பினான், அல்லது நம்பாமலிருக்க அவனுக்கு நேரமில்லை. ஏர்போர்ட்டில் நாற்பது துப்புரவு ஆட்களை மேய்க்கிற சூப்பர்வைசர் அவன். கோயில் குழுவுக்குச் செயலாளர் வேறு. கல்யாண வீடானால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடானால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ரகம். இந்த நாலு நிமிஷ வீடியோ அவன் யோசனைதான். அவர்கள் கோயிலில் இரண்டு மூன்று வருஷமாக, செத்தவரின் வாழ்க்கையைப் பெரிய திரையில் ஓட்டாமல் யாரும் பெட்டியை மூடுவதில்லை.

திரையில் அப்பாவின் விக்ரோலி கம்பெனி ரிட்டையர்மென்ட் வந்தது. டென்சில் கல்யாணம் வந்தது. பிறகு அந்தத் துண்டு வந்தது. அப்பா அம்மாவின் முப்பத்தைந்தாம் கல்யாண நாள், ஜெப்ரி முதல் கேமரா வாங்கிய வாரத்தில் எடுத்தது. ஸ்வீட்டி கேக்கை எடுத்து அப்பா வாயில் வைக்கிறாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையைப் பின்னால் இழுக்கிறார். அவள் விடவில்லை, மீசையிலும் கொஞ்சம் அப்பிவிடுகிறாள். அப்பா சிரிக்கிறார். பதினோரு நொடி.

"நிறுத்து" என்றான் டென்சில். "இத எதுக்குல வச்சிருக்க?"

"அப்பா சிரிக்கிறது இதுல மட்டுந்தாண்ணே இருக்கு."

"கட் பண்ணு."

ஸ்வீட்டி ஜெப்ரிக்கு அக்கா, டென்சிலுக்குத் தங்கை. ஆறு வருஷம் முன்னால் சிராஜைக் கட்டிக்கொண்டு பாண்டுப்புக்குப் போனாள். அன்றைக்கு வெளியே போனவளை அப்பா அப்புறம் பார்க்கவில்லை.

"நான் சொல்லுதது ஒனக்குக் கசக்கும்" என்றான் டென்சில், குரலைத் தாழ்த்தி. "அவ மேல எனக்கு ஒண்ணும் ஜென்மப் பகை கெடையாது. வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போட்டும், நான் தடுக்கல. ஆனா ஐசியூவில கெடக்கும்போது கேட்டேன், அவளக் கூப்புடவாப்பான்னு. தலைய ஆட்டிட்டாவ. உசிரோட இருக்கும்போது வேண்டாம்ன மனுசன் வாயில, செத்த பெறகு அவள வச்சு கேக் ஊட்டுனா அது நியாயமா? சொல்லு."

இதுதான் டென்சிலிடம் உள்ள கஷ்டம். முழுக்க அநியாயமாகப் பேசினால் எதிர்த்துவிடலாம். அவன் எப்போதும் பாதி நியாயத்தோடு வருவான்.

"பத்து நிமிசத்துல வாறேன். எடுத்து வையி." டென்சிலின் தலை கீழே இறங்கிப் போயிற்று.

வெட்டுவது மூன்று நொடி வேலை. ஜெப்ரி மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பொதுவாக அவன் முடியாது என்று யாரிடமும் சொன்னவன் இல்லை. கஸ்டமரிடம் சொன்னதில்லை, அப்பாவிடம் சொன்னதில்லை, ஸ்வீட்டி போன அன்றைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, போகாதே என்றும் சொல்லவில்லை, நானும் ஸ்டேஷன் வரைக்கும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் டென்சிலிடம் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரப்போவதில்லை. அது அவனுக்கே தெரியும். ஆனால் வெட்டவும் கை வரவில்லை.

பாம்பும் சாகணும், கம்பும் ஒடியக் கூடாது என்று நினைக்கிறவனுக்கு எப்படியும் ஒரு வழி தோன்றிவிடும். ப்ரிவ்யூ சன்னலுக்குக் கீழே சின்னதாக ஒரு பட்டியல் உண்டு. அதில் 'ஃபிட்' என்று வைத்திருந்தால் முழுப் படமும் சன்னலுக்குள் அடங்கும். இருநூறு சதவீதம் என்று வைத்தால் படம் பெரிதாகி ஓரமெல்லாம் சன்னலுக்கு வெளியே போய்விடும். படம் அப்படியேதான் இருக்கும். பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் ஓரம் இருக்காது. ஜெப்ரி இருநூறை வைத்தான். பக்கத்துப் பட்டையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தான். ஸ்வீட்டியின் தோள் போயிற்று, முகம் போயிற்று, தலையில் வைத்திருந்த பூவும் போயிற்று. சன்னல் நிறைய அப்பா மட்டும் இருந்தார்.

டென்சில் வந்ததும் அந்தத் துண்டை மட்டும் ஓட்டிக் காட்டினான்.

"கட் பண்ணா அப்பா சிரிப்பும் போயிரும்ணே. அதான் ஜூம் பண்ணி அக்காவ வெளிய தள்ளிட்டேன்."

டென்சில் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் கேக்கோடு வந்தது, அப்பாவின் வாயருகே நின்றது, மீசையைத் தொட்டது, போய்விட்டது.

"கை தெரியுதே."

"கை யாரு கைன்னு யாருக்குண்ணே தெரியும்?"

டென்சில் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். யோசித்தான். "சரி. கை கெடந்துட்டுப் போட்டும்" என்றான். செயலாளர் ஒப்புதல் கொடுத்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் கீழே அழுகைச் சத்தம் சட்டென்று தணிந்தது. சாவு வீட்டில் அழுகை கூடினால் யாரோ வேண்டியவர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். தணிந்தால் வேறு அர்த்தம். ஜெப்ரி ஏணித் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தான். ஸ்வீட்டி பெட்டியருகே நின்றிருந்தாள். கருப்புச் சுடிதார், துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள்.

"தலைய மூடிட்டு வந்திருக்கா பாத்தியளா" என்று ஒரு சித்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். கோயிலில் அந்தச் சித்தியும் அப்படித்தான் முக்காடு போட்டு உட்காருவாள்.

ஸ்வீட்டி கண்ணாடி மேல் கையை வைத்தாள். அழவில்லை. குளிரில் கண்ணாடி வேர்த்திருந்தது, அதைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா லூர்தம்மாள் தலைமாட்டில் இருந்தாள். மகளை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு டென்சிலின் மனைவி ஜாக்குலினைப் பார்த்தாள், பிறகு ஜெபமாலையைப் பார்த்தாள். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. பாயில் இடமிருந்தது. யாரும் நகரவுமில்லை.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நிற்க வேறு இடமில்லாமல், ஸ்வீட்டி ஏணியில் ஏறி மேலே வந்தாள். டென்சில் ஓரமாக நகர்ந்து வழிவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"மச்சான் வரலியாக்கா?" என்றான் ஜெப்ரி.

"மெயின் ரோட்டுல டீக்கடைல நிக்காவ. உள்ள வரவா வேண்டாமான்னு கேட்டாவ. நான்தான் வேண்டாம்னேன்." அவள் பலகையில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். "அப்பா வீடியோவா? போடு, பாக்குதேன்."

படம் ஓடுகிற இடத்தைக் காட்டும் கோடு அந்தத் துண்டின் மேலேயே நின்றிருந்தது. சன்னல் இருநூறிலேயே இருந்தது. ஒரு சொடுக்கு, ஃபிட் என்று வைத்தால் அவள் முழுசாக வந்துவிடுவாள். டென்சில் ஏணித் துவாரத்தருகே கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றான்.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்குக்கா. பெறகு…"

"காட்டுல" என்றான் டென்சில். "அவளும் பாக்கட்டும். ஒளிச்சு மறைக்க என்ன இருக்கு?"

ஜெப்ரி ஓட்டினான். கை வந்தது, கேக் வந்தது, அப்பா தலையை இழுத்தார், மீசையில் க்ரீம் ஒட்டியது, சிரித்தார். கை போய்விட்டது.

கீழே ஜெபமாலை தொடங்கியிருந்தார்கள்.

"அது என் கைதான" என்றாள் ஸ்வீட்டி.

ஜெப்ரி கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமாக ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்ன வசனம் தொண்டைவரை வந்து நின்றது. இது ப்ரிவ்யூதான், ஃபைனல் வேற. அதைச் சொன்னால் டென்சிலுக்கும் கேட்கும்.

"கைய மட்டும் விட்டு வச்சிருக்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் துணி விலை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவள் மாதிரிச் சொன்னாள். "சரி. அதாவது இருக்கே."

எழுந்து இறங்கிப் போனாள். பெட்டியருகே நிற்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தில் கொஞ்ச தூரம் போய்த்தான் காலில் போட்டாள். ஜெப்ரி அதை மேலே இருந்த சின்ன சன்னல் வழியாகப் பார்த்தான்.

டென்சில் போன பிறகு போனை எடுத்தான். 'அக்கா, நீ பாத்தது ப்ரிவ்யூ மட்டும்தான். ஹால்ல நீ முழுசா வருவே. போகாத' என்று அடித்தான். அனுப்பப் போன விரல் நின்றது. அவள் திரும்பி வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது படம் ஓடினால் டென்சில் சும்மா இருக்க மாட்டான். பெட்டிக்கு முன்னாலேயே ரகளை, லஃப்டா ஆகும். அவள் இல்லாத நேரத்தில் ஓடினால் அவன் ஜெப்ரியை மட்டும்தான் ஏசுவான், அதை வாங்கிக்கொள்ளலாம். படத்தைப் பிறகு அவளுக்கு அனுப்பிவிட்டால் அவளே புரிந்துகொள்வாள். இப்படிக் கணக்குப் போட்டு, அடித்ததை அழித்தான். கோழைகளுக்கு யோசனை மட்டும் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். பிறகு படத்தை முழுசாக வெளியே எடுக்கிற எக்ஸ்போர்ட்டை அழுத்தினான்.

ஹாலில் இருநூறு பேர் இருந்தார்கள். பெட்டி நடுவில், அம்மா முதல் வரிசையில், டென்சில் வாசலில் வருகிறவர் கையைப் பிடித்தபடி. ஜெப்ரி பென்டிரைவைச் சொருகிவிட்டு ப்ரொஜெக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டான். ரிட்டையர்மென்ட் போயிற்று, கல்யாணம் போயிற்று. பிறகு சுவர் அகலத்துக்கு ஸ்வீட்டி வந்தாள். பச்சைப் புடவை, தலையில் பூ, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பு. அப்பாவும் அவளும் ஆளுக்குப் பாதித் திரை. அவன் சொன்னபடியே பக்காவாக, மீசையில் ஒட்டிய க்ரீம்கூடத் தெரிந்தது.

"நம்ம ஸ்வீட்டில்லா" என்றது ஒரு குரல். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் பரவியது. நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத லூர்தம்மாள் சட்டென்று எழுந்து திரும்பி, வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

"பிள்ள எங்கட்டி? காலைல வந்தால்லா, எங்க அவ? ஏ ஸ்வீட்டி…" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காலையில் பாயில் நகர்ந்து இடம்விடாத சித்திதான் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெப்ரி டென்சிலைப் பார்த்தான். டென்சில் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், தாடை இறுகியிருந்தது. இரண்டடி அவனை நோக்கி வந்தான். அதற்குள் கோயில் குழுத் தலைவர் குறுக்கே வந்து டென்சிலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய மனசு வேணும்பா இதுக்கு. அப்பா பேசலன்னாலும், தங்கச்சிய விட்டுக்கொடுக்காமப் போட்டிருக்க பாரு."

டென்சில் வாயைத் திறந்தான். மூடினான். ஃபாதரும் வந்து தோளில் கைவைத்து, "குட், டென்சில். இதுதான் மன்னிப்பு" என்றார். டென்சில் தலையைக் குனிந்தான். அவன் கண் நிறைந்தது. அது பொய்க் கண்ணீர் என்று ஜெப்ரியால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சண்டையில்லை, ஒரு லஃப்டா இல்லை. காலையில் முடியாதுண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும். ஸ்வீட்டி முதல் வரிசையில் அம்மா பக்கத்தில் இருந்திருப்பாள்.

கூட்டம் பூசைக்கு நகரும்போது டென்சில் கிட்டே வந்தான். "எனக்கே படம் காட்டுத என்ன" என்றான் பல்லைக் கடித்து. பிறகு, "அவளக் கூப்புடு. கல்லறைக்காவது வரட்டும். எல்லாரும் கேக்காவ" என்றான்.

ஸ்வீட்டி போனை எடுக்கவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு ஜெப்ரி சிராஜைக் கூப்பிட்டான்.

"சொல்லு மச்சான்."

"அக்காட்ட குடுங்க மச்சான். வீடியோவில அக்கா இருக்கா. முழுசா இருக்கா. எல்லாரும் பாத்தாவ. அம்மா தேடுதாவ."

மறுமுனையில் ட்ரெயின் அறிவிப்பு கேட்டது. சயான் ஸ்டேஷனை விட்டே அவர்கள் போகவில்லை போலிருக்கிறது. "காலைலேருந்து இங்க பெஞ்சிலதான் ஒக்காந்திருக்கா" என்றான் சிராஜ். "நீ வாயால சொல்லுத. அவ கண்ணால பாத்தத சொல்லுதா. நான் யார நம்பச் சொல்ல?" போனைத் தள்ளிப் பிடித்து அவளிடம் கேட்டான். "கேட்டுட்டேன். வர மாட்டேங்கா. ட்ரெயின் வருது, வைக்கேன்."

சிவ்ரியில் பெட்டியை இறக்கும்போது மண் ஈரமாக இருந்தது. குடும்பத்தார் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். ஜெப்ரி இரண்டு பிடி போட்டான். யாரும் கவனிக்கவில்லை.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து போட்மாலாவில் ஏறி, அந்தப் பதினோரு நொடியைத் தனியே எடுத்து ஸ்வீட்டிக்கு அனுப்பினான். 'ஹால்ல இதான் ஓடுச்சு. காலைல நீ பாத்தது ப்ரிவ்யூ மட்டும், ஜூம் பண்ணி வச்சிருந்தேன், அண்ணனுக்காக. உன்ன நான் கட் பண்ணவே இல்ல' என்று கீழே எழுதினான். இந்தத் தடவை அழிக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் குரலாகப் பதில் வந்தது. பின்னால் அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

"பாத்தேன்ல. அழகா திரும்பச் சேத்திருக்க. ஒட்டே தெரியல. கல்யாண ஆல்பத்துல வராத மாமனுக்கெல்லாம் எடம் போட்டுக் குடுப்பல்லா, அத விட நல்லா வந்திருக்கு. ஹால்ல ஓடுச்சுன்னு எழுதியிருக்க… சரி, அப்படியே வச்சுக்கிடுதேன். எனக்காண்டி இன்னைக்குப் போயி இத ஒக்காந்து பண்ணுனியே, அதே போதும். ஒம் மேல எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாவ எதாச்சும் சாப்புடச் சொல்லு. நீயும் சாப்புடு."

ஜெப்ரி அதை மூன்று தடவை கேட்டான். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

குரலிலேயே பதில் அனுப்பப் போனில் மைக்கை அழுத்திப் பிடித்தான். அக்கா என்று தொடங்க வேண்டும். அப்புறம் என்ன சொல்வது? சேர்க்கவில்லை என்று சொல்லலாம். ஒட்டு இருந்தால்தானே தெரியும் என்று சொல்லலாம். வேண்டுமானால் கம்ப்யூட்டரோடு தூக்கிக்கொண்டு பாண்டுப்புக்கே வந்து காட்டுகிறேன் என்று சொல்லலாம். எதைக் காட்டினாலும் அவன் வெட்டி ஒட்டுகிறவன். போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கீழே துக்கம் கேட்க வந்தவர்களிடம் டென்சில் பேசிக்கொண்டிருந்தான். பலகை இடுக்கு வழியாக ஒவ்வொரு வார்த்தையும் மேலே வந்தது.

"நான்தான் ஜெப்ரிட்ட சொன்னேன். ஏல, என்ன இருந்தாலும் தங்கச்சி. அவள எடுத்துட்டு நீ அப்பா வீடியோ போடக் கூடாது, எப்படியாவது சேத்துரு, அப்படின்னேன்."

ஜெப்ரி பதறி விரலை எடுத்தான். எடுத்ததும், டென்சில் குரல் மட்டும் பதிவான அது ஸ்வீட்டிக்குப் போய்விட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஒரு டிக் விழுந்தது, இரண்டு டிக் விழுந்தது, இரண்டும் நீலமாயின.